நூடில்ஸ் கடையில் எங்கள் நற்கருணைப் பாட்டு

போன வாரக் கதையில் நான் கொஞ்சம் புத்திசாலியாகத் தெரிந்துவிட்டேன் என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். அந்தக் குறையை இந்த வாரம் தீர்த்துவைக்கிறேன்.

மொன்றியல் டவுன்டவுனில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சனம் நிறைந்த ஒரு யப்பான் நூடில்ஸ் கடையில், பாதிக் கோப்பை மிச்சமிருக்க எழுந்து நின்று கண்ணை மூடிக் கைகூப்பியவன் நான். ஒரு கையில் கரண்டி இருந்தபடியால் கூப்பியது ஒழுங்காக வரவில்லை. நாடியில் சூப் வழிந்துகொண்டிருந்தது. அது எனக்குத் தெரியவும் இல்லை.

ஏன் தெரியவில்லை என்றால், அதற்குச் சற்று முன்னர்தான் பல் வைத்தியர் என் இடப்பக்க வாயை மரக்கப் பண்ணிக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தார். "இன்றைக்குச் சூடாக எதுவும் சாப்பிடக் கூடாது" என்றார். நன்றாகத் தலையாட்டினேன். படியிறங்கி, தெருவைக் கடந்து, ஆவி பறக்கிற முதற் கடைக்குள் நுழைந்தேன். துறைமுகத்தில் லொறி ஓடுகிறவனுக்கு வார நாளில் லீவு கிடைப்பது அருமை. கிடைத்த லீவை வெறும் வயிற்றோடு கழிக்க மனம் வரவில்லை.

நான்காவது வாயோ ஐந்தாவது வாயோ, கூரையில் இருந்த ஸ்பீக்கரில் ஒரு கிற்றார் தடவத் தொடங்கியது. பின்னால் மலிவான ஓர்கன் ஒன்று, காற்றுப் போகிற ஆர்மோனியம் மாதிரி. பிறகு ஒரு பெண் குரல்.

அது எங்கள் நற்கருணைப் பாட்டு.

சந்தேகமே இல்லை. மெட்டு, ஏற்றம், இறக்கம், மூன்றாம் அடியில் குரல் படி தவறியது போல ஒரு விழுகை விழுமே, அதுவும்கூட. எங்கள் கோயிலில் நற்கருணை கொடுக்கிற நேரம் அந்தப் பாட்டு தொடங்கினால் சனம் எழுந்து நிற்கும். என் கால்களும் எழுந்துவிட்டன. மூளைக்குச் செய்தி பிந்தித்தான் போனது. வேகம் மட்டும் வேறாக இருந்தது. நாங்கள் சவப்பெட்டி தூக்குகிற வேகத்தில் பாடுவதை, இந்தப் பெண் பஸ்ஸுக்கு ஓடுகிற வேகத்தில் பாடினாள்.

மரத்த வாயால் நானும் இரண்டாம் அடியைச் சேர்ந்து பாடினேன் என்று பக்கத்து மேசைப் பையன்களின் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

விளக்கில்லா வீடு

இந்த இடத்தில் வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மொன்றியலில் மன்னார்க் கத்தோலிக்கர் நாலு பேர் கூடினால் அதில் மூன்று பேருக்கு 'விளக்கில்லா வீடு' மனப்பாடம். மற்றவர் சுருதி கெட்டவராக இருப்பார், என்னைப் போல. சண்டையில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் உண்டான பாட்டு. 'விளக்கில்லா வீடிது, நீர் வந்தால் போதும்' என்பது அதன் அடி. 'வந்தால்' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு தாளத் தட்டு நேரம் பாட்டு நிற்கும். தபேலா இல்லை, ஓர்கன் இல்லை, ஒருவரும் மூச்சுக்கூட விடுவதில்லை. கோயில் முழுதும் தலை குனியும். பிறகுதான் 'போதும்' வரும். தமிழ் ஒரு வார்த்தை ஒழுங்காக வராத, பிரெஞ்சிலேயே சண்டை பிடிக்கிற எங்கள் பிள்ளைகள்கூட அந்த இடத்தில் குனிந்துவிடுவார்கள்.

அந்த நிற்பாட்டைப் பழக்கியவர் சவரிமுத்து அண்ணை. மெட்டுப் போட்டவரும் அவர்தான். மன்னாரிலும் பிறகு இங்கேயும் எங்கள் பாடகர் குழுவை நடத்துகிறவர். ஒத்திகையில் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்வார்: "அதில ஆண்டவர் பதில் சொல்லுவார். அவருக்கு இடம் விடுங்கோ. அவசரப்பட்டு விழுந்தடிச்சுக்கொண்டு வாறேல்லை."

அண்ணை வாழ்நாளில் போட்ட மெட்டு அது ஒன்றுதான். அந்த ஒன்றில் அவருடைய வாழ்வு முழுக்க நின்றது. ரொறன்ரோவிலிருந்து வருகிறவர்கள்கூட "பாட்டுச் சவரி எங்க இருக்கிறார்?" என்றுதான் விசாரிப்பார்கள்.

இந்த வருடம் அதற்கும் மேலே போய்விட்டது. எல்லா மொழிக்காரரும் சேர்ந்து பாடும் பெரிய பூசை ஒன்றுக்கு, பிரெஞ்சுப் பாடகர் குழுவை நடத்துகிற அம்மையார் எங்கள் பாட்டைக் கேட்டு வாங்கினார். பிரெஞ்சுக்காரர்கள் தமிழிலேயே பாடப் பழகினார்கள். பாட்டுத் தாளில் 'இசை, சொல்: சவரிமுத்து, மன்னார்' என்று வரப்போகிறது, இணையத்திலும் ஏறப்போகிறது. அண்ணை அதற்கென்று கறுப்புக் கோட் ஒன்று வாங்கி, அதைப் போட்டுப் பார்த்துப் பார்த்தே பாதி பழசாக்கிவிட்டார்.

இப்போது திரும்பவும் நூடில்ஸ் கடைக்கு வாருங்கள். சூப் ஆறிக்கொண்டிருக்கிறது.

கள்ளன் ஆர்?

என் மண்டையில் முதலில் உதித்த யோசனை: யப்பான்காரர் எங்கள் பாட்டைத் திருடிவிட்டார்கள்.

சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நேரே கல்லாவுக்குப் போனேன். அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு யப்பானியப் பெண், கடைச் சொந்தக்காரி, மிச்சிக்கோ என்று பெயர் என்பது பிறகு தெரிந்தது. என்னுடைய பிரெஞ்சு நல்ல வாயிலேயே நொண்டும். பாதி வாயில் தவழ்ந்தது.

"இது எங்கள் பாட்டு" என்றேன். "மன்னார்ப் பாட்டு. கோயில் பாட்டு. உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?"

அவர் முதலில் ஒரு கடதாசித் துவாலையை நீட்டினார். நாடியைத் துடைத்தேன். பிறகு இன்னொன்றை நீட்டினார். அதன் பிறகுதான் பதில் சொன்னார்.

"ஐயா, இது என் அம்மா பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது வாங்கிய இசைத்தட்டு. நான் அப்போது பிறக்கவே இல்லை."

சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அட்டையைக் காட்டினார். மழையில் நனைந்த நாலு பேர், மூன்று ஆண்களும் ஒரு பெண்ணும், ஒருவர் கையிலும் குடை இல்லை. குழுவின் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஈரக் குடைகள்' என்று வரும். இரண்டே இரண்டு இசைத்தட்டுத்தான் போட்டார்களாம். ஒரு நாள் கச்சேரி முடிந்ததும் ஆளுக்கொரு ரயிலில் ஏறி வீட்டுக்குப் போனார்கள், அதன் பிறகு சேரவில்லை. சண்டையா, சலிப்பா, ஒருவருக்கும் தெரியாது.

"அதற்கு முதல் எங்கள் ஊரில் பாடுகிறவர்கள் மேடைக்கு உடுத்திக்கொண்டு வந்து பாடுவது போலப் பாடுவார்கள்" என்றார் மிச்சிக்கோ. "இவள் குசினி அடுப்படியில் நின்று கதைப்பது போலப் பாடினாள். றொக் இசையில் அப்படிக் கதைக்கலாம் என்று அதுவரை ஒருவருக்கும் தெரியாது. பிறகு வந்தவர்கள் எல்லோரும் இவர்களிடமிருந்து எடுத்தவர்கள்தான்."

நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். இந்தப் பெண்ணின் அம்மா பள்ளிக்கூடம் போன காலத்தில் சண்டையும் இல்லை, இடப்பெயர்வும் இல்லை, முகாமும் இல்லை. முகாமில் பிறந்த பாட்டு அதற்கு முன்னரே யப்பானில் இசைத்தட்டாக வந்திருக்க வழியில்லை.

கள்ளன் யப்பானில் இல்லை. மொன்றியல் வடக்கில், மூன்றாம் மாடியில், கறுப்புக் கோட்டோடு இருக்கிறான்.

"பாட்டில் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டேன். ஏதாவது தெய்வ சம்பந்தமாக இருந்தாலாவது கொஞ்சம் ஆறுதல்.

"பிரிந்து போன காதலனிடம் சொல்கிறாள். மற்றதை எல்லாம் நீ வைத்துக்கொள், என் ரைஸ் குக்கரைத் திருப்பித் தா."

இதற்குத்தான் இவ்வளவு காலமும் நாங்கள் தலை குனிந்து கண்ணீர் விட்டிருக்கிறோம்.

நின்றுபோன வான்

மன்னாரில் கிற்றார் அடிக்கிற யப்பான்காரர் ஒருவரையும் நான் கண்டதில்லை. பாட்டு எந்த வழியால் வந்தது? மெற்றோவில் வரும் வழி எல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை. ஸ்டேஷனில் விட்டிருந்த காரைத் திறந்து சாவியைத் திருப்பினேன். காலையில் பாதிச் சொல்லில் நின்ற பாட்டு பாதிச் சொல்லிலேயே தொடங்கியது.

அப்படியே ஸ்டியரிங்கில் தலையை வைத்துவிட்டேன். வான்!

மன்னாரில் எங்கள் கோயில் பங்குக்கு ஒரு வான் இருந்தது. யப்பானில் யாரோ ஓடிக் களைத்து, கப்பலேற்றி, கொழும்பில் இறக்கி, எங்களுக்கு வந்து சேர்ந்த வான். அந்தக் காலத்தில் இலங்கைக்கு வந்த வான் எல்லாம் அப்படித்தான். கதவில் யப்பான் எழுத்து, அஷ்டிரேயில் யப்பான் சிகரெட் சாம்பல். எங்கள் வானின் கசற் பெட்டிக்குள் ஒரு கசற்றும் இறுகிக் கிடந்தது. கராஜ்காரர் குறட்டோடு வந்து பார்த்துவிட்டு, "இதை இழுத்தால் உள்ளுக்க இருக்கிற எல்லாம் சேர்ந்து வந்திடும் ஃபாதர்" என்று கையை விரித்தார்.

சாவியைத் திருப்பினால் பாட்டு. விட்ட இடத்தில் தொடங்கும். நாடா பாதி சிக்கியபடியால் அந்த ஒரு பாட்டைத்தான் போய்ப் போய்த் திரும்பி வந்து பாடும். எங்களோடு வருகிற சிஸ்டருக்கு அது பக்தியில்லாத உலகப் பாட்டு. பெண்குரல் எழும்பியதும் செபமாலையைத் தொடங்கிவிடுவார். பின் சீற்றில் இருந்த பாடகர் குழு நாங்கள் அருள்நிறை மரியே சொல்லிச் சொல்லி அந்தப் பாட்டை அமுக்கினோம். எங்கள் காதில் அது ஒரு நாளும் முழுதாக விழுந்ததில்லை.

முன் சீற்றில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், அதை முழுதாகக் கேட்டவர் ஒருவர்தான். பாட்டுக்கும் அவர்தான், வான் ஓடுவதும் அவர்தான். சவரிமுத்து அண்ணை.

பிறகு சண்டை வந்து டீசல் வரத்து நின்றது. வான் வேப்பமரத்தின் கீழ் நின்று கோழிக்கூடானது. சில வருடம் கழித்து, நாங்கள் முகாமில் இருந்தபோது, அண்ணை ஒரு நாள் தண்ணி வாளியோடு ஓடிவந்தார். "ஒரு மெட்டு வந்திட்டுதடா! எங்கயிருந்து வந்ததெண்டே தெரியேல்லை!" என்றார். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், பாவம்.

வீட்டில் விசாரணை

என் மனுசி ஜெசிந்தா கதை முழுதையும் கேட்டுவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"பல்லுக்குப் போட்ட மருந்து தலைக்கு ஏறியிட்டுது உங்களுக்கு."

கைபேசியில் பாட்டைத் தேடிப் போட்டேன். நிற்கிற இடத்தில் அவள் தலை தானாகக் குனிந்தது. நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"மாதாவே" என்றாள். பிறகு, "வாயைத் திறக்காதேங்கோ. அந்த மனிசன் செத்துப் போடுவார்."

"பாட்டு இணையத்தில ஏறப்போகுது, ஜெசிந்தா. யப்பான்காரன் ஒருத்தன் கேட்டால் போதும். அதுக்குப் பிறகு ஆக்கள் 'கள்ளச் சவரி' எண்டுதான் சொல்லுவினம். திங்கட்கிழமை தாள் அச்சுக்குப் போகுது."

"அப்ப நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. நான் வரமாட்டன்."

சனிக்கிழமை மத்தியானம் போனேன். அண்ணையின் வெளிப்படிக்கட்டில் ஐஸ் படிந்திருந்தது. விழுந்து காலை முறித்தால் சொல்லாமல் தப்பலாமே என்று ஒரு நப்பாசை. விழவில்லை. கதவைத் திறந்த றெஜினா அக்கா, அண்ணையின் மனுசி, கையில் வெங்காயத்தோடு நின்றார்.

"வா ராயப்பு. உன்ர அண்ணை கண்ணாடிக்கு முன்னால நிக்கிறார். மாப்பிள்ளையிட்டச் சொல்லு, நேரமாகுதெண்டு."

அண்ணை கோட்டோடு வந்தார். நான் காலநிலை கதைத்தேன். பல்லைப் பற்றிக் கதைத்தேன். லொறிக்காரச் சங்கத்தைப் பற்றிக்கூடக் கதைத்தேன். கடைசியில், "அண்ணை, ஒரு யப்பான் கடையில சாப்பிடப் போவமா?" என்று உளறினேன். நேரே சொல்ல நாக்கு எழும்பவில்லை. பல்லுக்குப் போட்ட மருந்தின் மரப்பு விட்டே இரண்டு நாளாகியிருந்தது.

"யப்பான் சாப்பாடோ? உனக்கென்ன பிடிச்சது?" என்றார் அண்ணை.

"நானும் வாறன்" என்று அக்கா வெங்காயத்தை வைத்துவிட்டார். "கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து இந்த மனிசன் என்னை ஒரு கடைக்கும் கூட்டிக்கொண்டு போனதில்லை."

நாலு கோப்பை மேசை

புறப்பட முதல் மிச்சிக்கோவுக்கு ஃபோனில் சொல்லி வைத்தேன். சனம் குறைந்த நேரம். கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தனக்கும் ஒன்றை எடுத்து வந்து எங்களோடு இருந்தார். ஸ்பீக்கரில் கிற்றார் தடவியது.

அண்ணையின் விரல் மேசையில் தாளம் போடத் தொடங்கியது. அது அவருடைய பழக்கம், எந்தப் பாட்டுக்கும் போடும். பெண்குரல் எழும்பியது. விரல் பிரேக் பிடித்த மாதிரி நின்றது.

நான் கோப்பைக்குள் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். அண்ணை ஒருவரையும் பார்க்கவில்லை.

நிற்கிற இடம் வந்தது. அவருடைய விரல் காற்றில் எழும்பி நின்றது. ஒத்திகையில் நிற்பது போலவே. நாங்கள் மூன்று பேரும் தலை குனிந்தோம். மிச்சிக்கோ எங்களைப் பார்த்துவிட்டுத் தானும் குனிந்தார்.

பாட்டு முடிந்தது.

"எங்கட வான்" என்றார் அண்ணை. நான் மெற்றோவில் வழி முழுதும் தேடிய தெருவை அவர் ஒரே மூச்சில் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னொருக்கால் போடச் சொல்லு."

இரண்டாம் முறை முடிந்ததும், "என்ன சொல்லுறாள்?" என்று கேட்டார். பிறகு வந்தவர்கள் எல்லோரும் இவர்களிடமிருந்து எடுத்த கதையையும், குக்கர் விசயத்தையும் சொன்னேன். அக்கா நூடில்ஸைக் குச்சியில் பிடித்தபடி சிரித்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கிறாள் பிள்ளை. பெரிய சாமானெல்லாம் விட்டிட்டுக் குக்கரைக் கேக்கிறாள் பார். சண்டை பிடிச்ச பொம்பிளைக்குத்தான் அது வரும்."

"அந்த நிப்பாட்டு என்னத்துக்காம்?" அண்ணையின் குரல் உள்ளே போய்விட்டது.

மிச்சிக்கோவிடம் கேட்டேன். "அவள் தொலைபேசியில் கேட்கிறாள்" என்றார். "அந்த இடத்தில் அவன் பதில் சொல்வானா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள்."

தமிழில் சொன்னேன். அண்ணை கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

"ஆண்டவர் தந்ததெண்டு எத்தினை பேருக்குச் சொன்னனான். நான் கள்ளன் எல்லோ, ராயப்பு."

"ஆண்டவர்தான் தந்தவர் அண்ணை. கப்பலில தந்தவர்" என்றேன். என் பகிடிக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. நான்கூட.

அவர் மிச்சிக்கோ பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், பிள்ளை பாடம் ஒப்பிப்பது போலக் கேட்டார்: "இவையளிட்டயிருந்து எடுத்த மற்ற ஆக்கள், பேர் சொன்னவையோ?"

"சொன்னார்கள். எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள்."

"அப்ப நானும் சொல்ல வேணும்."

"அண்ணை, கொஞ்சம் யோசியுங்கோ" என்றேன். சொல்லவென்று கூட்டி வந்த நானே தடுத்தேன். அவ்வளவு நிதானமான ஆள் நான். "ரொறன்ரோவிலயிருந்து சனம் வருது. கோயில் தாளில 'ஈரக் குடைகள்' எண்டு போட்டால் சிரிக்க மாட்டினமோ?"

"சிரிக்கட்டும். ஃபோனை எடு."

எடுத்தேன். பிரெஞ்சுப் பாடகர் குழு அம்மையார் முதலில் நம்பவில்லை. பிறகு பாட்டின் பெயரைக் கேட்டார், கைபேசியிலேயே தேடிக் கேட்டார், கடைசியில் நான் பதினைந்து வருடமாக இந்த நாட்டில் கற்றுக்கொள்ளாத இரண்டு பிரெஞ்சுக் கெட்ட வார்த்தைகளைச் சொன்னார். கோயில்காரருக்கும் அதிர்ச்சி அதிர்ச்சிதான். ஆனாலும் நல்ல மனுசி. அனுமதி வாங்கத் தானே எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார். இசை என்ற இடத்தில் அவர்கள் பெயரைப் போடுவதாகவும் சொன்னார். பாட்டின் சொற்களுக்கு யார் பெயர் என்று கேட்டார்.

பாட்டில் பாதியாவது மிஞ்சுமே. அண்ணை தாளில் இருந்து முழுதாக இறங்க வேண்டியதில்லையே. போனைக் கையால் பொத்திக்கொண்டு, அவர் முகம் கொஞ்சமாவது தெளியட்டும் என்று, உரத்தே கேட்டேன்.

"சொல்லெல்லாம் உங்கட தானே அண்ணை? சவரிமுத்து எண்டு போடச் சொல்லட்டோ?"

அண்ணை சூப்பைப் பார்த்தார். பதில் பக்கத்துக் கதிரையில் இருந்து வந்தது. றெஜினா அக்கா கோப்பையில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அது நான் எழுதினது."